பன்னிரண்டாவது பாட்டு

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நாற்பத்தாறு வண்டி.
எண்ணூர் சாலையில் இடப்பக்கம் கடல்,
வலப்பக்கம் மூடிய ஷட்டர்கள்,
என் முதுகில் நாற்பதடிக் கண்டெய்னர்.
உள்ளே என்னவென்று தெரியாது.
சீலை உடைத்துப் பார்ப்பது என் வேலையில்லை.
என் வேலை காத்திருப்பது.
அதற்குத் தனியாகக் கூலி கிடையாது
என்பதால்
வருடங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வருடத்துக்கு ஒரு பட்டியல்.
பதினைந்து பாட்டு, கூடாது, குறையாது.
ஒரே ஜாதிப் பாட்டு அடுத்தடுத்து உட்காரக்கூடாது
என்பது நானே போட்ட சட்டம்.
ஊரில் செல்லாதது
என் கேபினுக்குள் செல்லும்.

தொண்ணூற்றாறில்
சினிமாப் பாட்டுகளுக்கு இடையிடையே
ராயபுரத்தில் மாதா தேருக்கு முன்னால் பாடிப்போனது ஒன்று,
மண்ணடி டீக்கடையில் வெள்ளிக்கிழமை மட்டும் போடும்
தஃப் அதிரும் நாகூர்ப் பாட்டு ஒன்று,
பெரம்பூர் லோகோவில் ஃபிட்டராயிருந்த டெரன்ஸ்
கிறிஸ்துமஸுக்குக் கிதாரில் வாசித்த
குதிரைக்காரன் பாட்டு ஒன்று.

"அது எழுபத்தொண்ணுல வந்த பாட்டுண்ணே,
போன்லயே போட்டுருக்கு பாரு"
என்கிறான் கிளீனர் இம்ரான்.
அமெரிக்காவுக்கு எப்போது வந்தது என்றா கேட்டேன்?
எங்கள் தெருவுக்கு வந்தது தொண்ணூற்றாறில்.
பர்மா பஜார் கேசட், பி பக்கம்.
நடுவில் அறுந்து
டெரன்ஸின் தங்கை நெயில்பாலிஷால் ஒட்டியது.
ஒட்டிய இடத்தில் ஒரு சொல் விழுங்கிப்போகும்.
இன்றைக்கு முழுசாகக் கேட்கும்போது
யாரோ குறுக்கே புகுந்து பேசுவதுபோல் இருக்கிறது.

வண்டி நகர்கிறது. ஒரு லாரி நீளம்.
ஹேண்ட்பிரேக்.

இம்ரானுக்காக
இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்
வியாசர்பாடிப் பசங்களின் ராப் ஒன்றைச் சேர்த்தேன்.
முதல் தடவை ஒன்றும் விளங்கவில்லை.
மூன்றாம் தடவை
தண்ணி லாரிக்குக் குடம் போடும் சண்டை என்று விளங்கியது.
நான்காம் தடவை
அந்தக் குடங்களில் எங்கள் வீட்டுக் குடமும் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்று மட்டும்
பதினான்கிலேயே நிற்கிறது.

அந்த ஆகஸ்டில்
யார்டில் சரிந்த இரும்புச் சுருளுக்கு அடியில்
என் அண்ணன் தேவசகாயம்.
பெட்டி வரும்வரை நடுவீட்டில் கிடந்தான்.
புளியந்தோப்பிலிருந்து வந்தவர்
பெயர் சொன்னாரா, நான்தான் கேட்கவில்லையா.
டேக்சாவைக் கவிழ்த்துப் போட்டு
மோதிர விரலால் தட்டித் தட்டி
விடியவிடியப் பாடினார்.
அண்ணனுடைய யமஹா வந்தது பாட்டில்,
கட்டாமல் விட்ட சீட்டுப் பணம் வந்தது,
ஒரு மீன்கூடைக்காரி வந்தாள், அண்ணி தலை நிமிர்ந்தாள்,
கடைசியில்
தம்பியோடு பேசாமல் கழித்த ஏழு மாதமும் வந்தது.
அதை அவருக்கு யார் சொன்னார்கள்?

பரண்மேல் டேப்ரிக்கார்டர் இருந்தது.
புது பேட்டரி போட்டு நானே வைத்தது.
எடுக்கத் தோன்றவில்லை.

கானாவுக்கு ஏது வருஷம் என்பார்கள்.
செத்தவனுக்கு உண்டே.

அதனால் பன்னிரண்டாவது இடத்தில்
சத்தமே இல்லாத நாலு நிமிடம் ஒன்றை
வெட்டி வைத்திருக்கிறேன்.
பதினொன்று முடிகிறது, சர்ச் கொயர்.
பிறகு
டீசல் எஞ்சின், அலை, எங்கோ வெல்டிங் பொறி.

"ஒயர் லூஸாயிடுச்சுண்ணே"
என்று இம்ரான் டேஷ்போர்டை உள்ளங்கையால் அடிக்கிறான்.
ஒன்று.
இன்னொன்று.
ஸ்பீக்கர் பேசவில்லை என்றதும்
விரல்களால், சும்மா,
தட்ட ஆரம்பிக்கிறான்.

ஒயரில் ஒன்றுமில்லை என்று
நான் சொல்லவில்லை.

பின்னால் ஹாரன்.
கேட்டுக்கு இன்னும் முப்பத்தொன்பது.